கரை இறங்குமுன் அடுத்த கப்பல்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் 2026 ஜனவரி சந்திப்பில், 2009-ஆம் ஆண்டு இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவு மாணவர் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "பதினைந்து நிமிஷம், மாணவர்களுக்கு உபயோகமா ஏதாவது பேசு" என்றார். கம்ப்யூட்டர் நம் வேலையையெல்லாம் பிடுங்கிக்கொள்ளுமா என்கிற தலைப்பில் பேச இன்றைக்கு ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்கள். அதனால் நான் ஒரு சின்ன மேஜையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒரு உல்லாசக் கப்பலுக்குள் பார்த்த மேஜை. சிரிக்காதீர்கள், கடைசியில் விஷயத்துக்கு வந்துவிடுவேன்.

நான் அமெரிக்காவில் ஹூஸ்டன் பக்கம் ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்க்கிறேன். 2023 ஜூலையில் அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் தங்க வந்தார்கள். அப்பா மின்வாரியத்தில் 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகைத் தவிர வேறு கப்பல் எதுவும் ஏறியதில்லை. அமெரிக்காவுக்கு வந்த பெற்றோர்களை நாம் என்ன செய்வோம் என்று இங்கே பலருக்குத் தெரியும். முதல் மாசம் கோவில், மால், நயாகரா. அப்புறம் நாம் ஆபீஸ் போய்விடுவோம். அவர்கள் ஜன்னல் வழியாக, ஆள் நடமாட்டம் இல்லாத தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் நவம்பரில் ஐந்து இரவு கப்பல் பயணம் ஒன்றைப் பிடித்தேன். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் கால்வெஸ்டன் துறைமுகம். அங்கே ஏறி, மெக்ஸிகோவில் கோஸுமெல், ப்ரோக்ரெஸோ என்று இரண்டு ஊர் பார்த்துவிட்டுத் திரும்ப கால்வெஸ்டனிலேயே இறங்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு அமெரிக்க விசா செல்லுபடியில் இருந்தால் மெக்ஸிகோவுக்குத் தனி விசா வேண்டாம். அதுவும் ஒரு சௌகரியம்.

கப்பலைப் பற்றி அதிகம் வர்ணிக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இரண்டாம் நாள் காலை அம்மா டெக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னிக்கு என்ன சமைக்கிறதுன்னு யோசிக்காம ஒரு நாள் விடிஞ்சிருக்கு" என்றார். கல்யாணமாகி 41 வருஷத்தில் முதல் தடவை. சாப்பாட்டு மேஜையில் முதல் நாளே சொல்லி வைத்தால் மறுநாள் பருப்பு, சப்பாத்தி, காய் என்று செய்து கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். அப்பா வேடிக்கையாக, "உன் சமையலைவிட உப்பு சரியா இருக்கு" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இனி மேஜைக்கு வருகிறேன்.

கப்பலின் நடுக்கூடத்தில், விசாரணை கவுன்ட்டருக்குப் பக்கத்தில், நாலு நாற்காலியும் இரண்டு கம்ப்யூட்டரும் உள்ள ஒரு இடம். பின்னால் பனிமலைப் படங்கள். அடுத்த பயணத்தை இந்தப் பயணத்திலேயே பதிவு செய்துகொள்ளும் இடம் அது. ஏறக்குறைய எல்லாப் பெரிய நிறுவனங்களின் கப்பல்களிலும் உண்டு. ராயல் கரீபியன் இதற்கு நெக்ஸ்ட்குரூஸ் என்று பெயர் வைத்திருக்கிறது. நார்வேஜியன் அதையே திருப்பிப் போட்டு குரூஸ்நெக்ஸ்ட் என்கிறது. முதல் நாள் அங்கே ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். கடைசிக்கு முந்தின நாள் போய்ப் பாருங்கள், நம்ம ஊர் ரேஷன் கடை தோற்றுவிடும்!

ஏற்பாடு இரண்டு விதம். ஒன்று, கப்பல், தேதி, கேபின் எல்லாவற்றையும் அங்கேயே தேர்ந்தெடுத்து முன்பணம் கட்டுவது. இன்னொன்று, எங்கே எப்போது என்று சொல்லாமல் வெறும் முன்பணத்தை மட்டும் கட்டிவைத்து, ஊருக்குப் போய் நிதானமாக முடிவு செய்வது. பதிலுக்கு என்ன கிடைக்கும்? கட்டணம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் குறையாது. அதே நாளில் வெளியே ஏஜெண்டிடம் கேட்டால் என்ன விலையோ அதே விலைதான். கிடைப்பது வேறு. அடுத்த பயணத்தில் கப்பலுக்குள் செலவு செய்துகொள்ள ஒரு தொகையை உங்கள் கணக்கில் வரவு வைப்பார்கள், ஆன்போர்ட் கிரெடிட் என்று பெயர். சில இடங்களில் முன்பணத்தைக் குறைவாக வாங்கிக்கொள்வார்கள். பயணங்கள் ஒன்றரை, இரண்டு வருஷம் முன்னாலேயே விற்பனைக்கு வந்துவிடுவதால், அடுத்தடுத்து இரண்டு கேபின் வேண்டும் என்கிற நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு நல்ல இடம் கிடைக்கும். அப்புறம் விலை குறைந்தால், கடைசித் தவணை கட்டும் தேதிக்கு முன்பு கேட்டுக் குறைத்துக்கொள்ளவும் அமெரிக்காவில் பல நிறுவனங்கள் விடுகின்றன. கேட்காவிட்டால் அவர்களாகக் குறைக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கம்பெனிக்கு என்ன லாபம்? விளம்பரச் செலவு இல்லாமல், ஏற்கெனவே திருப்தியாக இருக்கும் ஆளிடமே இரண்டாம் தடவை விற்கிறார்கள். அதைவிட முக்கியம், நம் பணம் வட்டியில்லாமல் அவர்கள் கையில் மாசக்கணக்கில் இருக்கும். இது சில்லறை விஷயமில்லை. கார்னிவல் நிறுவனத்திடம் 2024 மே மாதக் கடைசியில் பயணிகள் கட்டிவைத்திருந்த முன்பணம் 830 கோடி டாலர். சுமாராக 69 ஆயிரம் கோடி ரூபாய். எல்லாம் கப்பல் மேஜையில் வாங்கியது இல்லை, எல்லா வழியிலும் வந்த முன்பதிவும் சேர்ந்து. ஆனாலும் தொகையைப் பாருங்கள்.

அந்தப் பணம் எப்போதும் பத்திரம் என்றும் இல்லை. 2020 மார்ச் 14-ஆம் தேதி அமெரிக்க சுகாதாரத் துறை கப்பல்களை நிறுத்தியது. திரும்ப அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பல் பயணிகளோடு கிளம்பியது 2021 ஜூன் 26-ஆம் தேதி. நடுவில் 15 மாசம். பணத்தைத் திருப்பிக் கேட்காமல் இருந்தால் 125 சதவீதம் வரவு வைத்துத் தருகிறோம் என்று நிறுவனங்கள் கெஞ்சின. அந்த சமயத்தில் முன்பணம் யாருடைய பணம் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன்காரன். ஆலையில் ஒரு வால்வைத் திறந்த உடனே மீட்டர் காட்டுகிற அளவை நாங்கள் எழுதிக்கொள்வதில்லை. அடங்கட்டும் என்று காத்திருப்போம். நம் லேபில் அந்த அவசரத்துக்காகவே எனக்கு ஒரு தடவை ரெக்கார்டு நோட்டைத் தூக்கிப் போட்டார்கள். போட்டவர் இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார், வணக்கம் சார்! ஆனால் அந்தக் கப்பல் மேஜை என்ன செய்கிறது? வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது, கடல் காற்று, சாப்பாடு, பெற்றோர் முகத்தில் சிரிப்பு, நாளைக்கு இறங்க வேண்டுமே என்கிற ஏக்கம் எல்லாம் உச்சத்தில் இருக்கும்போது, "அளவு எடுத்துக்கலாமா?" என்று கேட்கிறது.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்றும் சொல்ல முடியாது. எங்கள் அக்கா கல்யாணத்தில், இலை போட்டுக்கொண்டிருக்கும்போது மண்டபத்து மேனேஜர் அப்பாவிடம் வந்து, "சார், சின்னப் பொண்ணுக்கும் இங்கேயே வெச்சுக்கலாமே, வர்ற வருஷம் தை முகூர்த்தம் எழுதிக்கட்டுமா?" என்றார். சின்ன அக்காவுக்கு அப்போது மாப்பிள்ளையே பார்க்கவில்லை! அப்பா, "முதல்ல இந்தப் பந்தியை முடிப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த அப்பாவின் பிள்ளை நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைசிக்கு முந்தின நாள் மத்தியானம் அம்மா அந்தப் பனிமலைப் படத்தின் முன்னால் நின்று, "இது எங்கேடா இருக்கு?" என்றார். அலாஸ்கா என்றேன். "இதுக்கும் கப்பல்லயே போகலாமா?" என்றார். அவ்வளவுதான், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மேஜையில் இருந்த பெண் மிகவும் நல்ல மாதிரி. பொய் ஒன்றும் சொல்லவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கமிஷன் உண்டா என்று கேட்டேன், சிரித்தார். 2025 ஜூன் 14, சியாட்டிலில் ஏறி ஏழு இரவு, கெச்சிகன், ஜூனோ, ஸ்காக்வே. ஐந்து பேர், இரண்டு கேபின். முன்பணம் ஆளுக்கு 250, மொத்தம் 1,250 டாலர். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: திருப்பித் தரக்கூடிய முன்பணமா, திருப்பித் தராத முன்பணமா? திருப்பித் தராத வகை என்றால் கட்டணம் கொஞ்சம் குறைவு, கூடவே இரண்டு கேபினுக்கும் சேர்த்து 300 டாலர் கிரெடிட்.

பின்னால் நின்றிருந்த அப்பா, "ஏம்ப்பா, அட்வான்ஸ்னா திருப்பித் தரணும். தரலேன்னா அதுக்குப் பேர் அட்வான்ஸ் இல்லே, விலை" என்றார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 300 டாலர் சும்மா வருகிறது, நாம் எப்படியும் போகத்தானே போகிறோம் என்று. திருப்பித் தராத வகையிலேயே கையெழுத்துப் போட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பேப்பரை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். நான் படிக்கவில்லை.

கடைசி வருஷத்துத் தம்பிகளுக்கு இங்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நீங்களும் இந்தக் கப்பலில் இருந்துகொண்டே அடுத்த கப்பலுக்கு டிக்கெட் வாங்குகிறவர்கள்தான். பிளேஸ்மென்ட் நாளன்று ஆஃபர் லெட்டர் கையில் வந்த சந்தோஷத்தில், பாண்ட் எத்தனை வருஷம், விட்டுப் போனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கடைசிப் பக்கத்தைப் படித்தவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். ...நாலு பேர். எங்கள் செட்டைவிடப் பரவாயில்லை, அப்போது நாங்கள் ஒருத்தர்கூட இல்லை.

சரி. கரை இறங்கி, வீட்டுக்கு வந்து, துணியெல்லாம் மெஷினில் போட்ட பிறகுதான் மீட்டர் அடங்கியது. அப்போது தெரிந்தது, இரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கிறது.

முதலாவது கனடா. அலாஸ்கா அமெரிக்க மாநிலம்தானே, சியாட்டிலும் அமெரிக்காதானே, நடுவில் கனடா எங்கே வந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அமெரிக்காவில் 1886-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது. சியாட்டிலில் ஏற்றி சியாட்டிலிலேயே இறக்குவதானாலும் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். பெரிய உல்லாசக் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா என்று வேற்றுக் கொடிதான். ஹவாயில் ஓடும் ப்ரைட் ஆஃப் அமெரிக்கா ஒன்று விதிவிலக்கு. அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் திரும்பி வரும்போது ஒரு சாயங்காலம் கனடாவின் விக்டோரியாவில் நிற்கின்றன. கனடா துறைமுகங்களை மூடியபோது, 2021-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அலாஸ்காவுக்காகவே தற்காலிகமாக ஒரு தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஆக, விக்டோரியாவில் சில மணி நேரம்தான் என்றாலும், இந்தியப் பாஸ்போர்ட்காரருக்குக் கனடா விசா வேண்டும், கப்பலைவிட்டு இறங்காவிட்டாலும் வேண்டும். எங்கள் ஐந்து பேரில் விசா வேண்டாதவள் ஹூஸ்டனில் பிறந்த என் ஆறு வயது மகள் மட்டும்!

நான் கையெழுத்துப் போட்டதற்கு முந்தின மாசம், 2023 அக்டோபரில்தான், இரண்டு நாட்டுக்கும் மனஸ்தாபம் ஆகி கனடா தன் 41 தூதரக அதிகாரிகளை இந்தியாவிலிருந்து திரும்ப அழைத்திருந்தது. விசா தாமதமாகும் என்று பேப்பரில் படித்தேன். படித்துவிட்டுத்தான் கப்பலே ஏறினேன். அங்கே அது ஞாபகத்துக்கே வரவில்லை. அப்பாவும் அம்மாவும் ஊருக்குத் திரும்பிப் போய், 2024-இல் சென்னைக்கு ரயிலேறி, கைரேகை கொடுத்து, ஆளுக்கு 100 கனடா டாலர் விசாவுக்கும் 85 கைரேகைக்கும் கட்டி, செப்டம்பரில் பாஸ்போர்ட் திரும்ப வந்தது. ஒரு சாயங்காலத்துக்காக!

இரண்டாவது, காப்பீடு. அமெரிக்கப் பயணக் காப்பீடுகள் பலவற்றில், ஏற்கெனவே உள்ள வியாதிக்கும் சேர்த்துப் பாதுகாப்பு வேண்டுமானால், முதல் முன்பணம் கட்டிய நாளிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் பாலிசி எடுத்திருக்க வேண்டும். நடுக்கடலில் கார்டைத் தேய்த்த அந்த நாளே முதல் நாள். எனக்கு அது தெரிந்தபோது இரண்டு மாசம் ஆகியிருந்தது.

2025 ஜனவரியில் அப்பாவுக்கு நெஞ்சு வலி. பொங்கல் முடிந்த நாலாம் நாள். மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். நான் கிடைத்த விமானத்தைப் பிடித்து வந்து சேர்ந்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கால் காயம் ஆறத்தான் நாளாயிற்று. இரண்டு வாரம் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். சர்க்கரை ஏறி, மார்ச் முதல் வாரத்தில் மறுபடி ஆஸ்பத்திரி. மறுபடி வந்தேன். கப்பல் ஞாபகமே இல்லை. மார்ச் பத்தாம் தேதி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது போனில் ஒரு செய்தி: மீதிப் பணம் கட்டக் கடைசி நாள் மார்ச் 16. கிளம்புவதற்குச் சரியாக 90 நாள் முன்பு.

கணக்கு இப்படி. ரத்து செய்தால் 1,250 டாலரும் போச்சு. ஊர்ப்பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். வேறு தேதிக்கு மாற்றினால் ஆளுக்கு 100 டாலர் மாற்றுக் கட்டணம், 500 போய் 750 மிஞ்சும். கிரெடிட் கிடையாது, புது தேதியின் விலைதான். எந்த 300 டாலருக்கு ஆசைப்பட்டேனோ அதுவும் காணாமல் போய், மேலே 500 தண்டம். எதற்குத் தேதியை மாற்ற வேண்டும், அப்பாவை இனிமேல் எங்கே அலாஸ்கா கூட்டிக்கொண்டு போவது, போனது போகட்டும் என்று ரத்து செய்வதாக முடிவு பண்ணிவிட்டேன். போனைக் காதில் வைத்துக் காத்திருக்கும்போது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ரத்து பண்ணாதேடா" என்றார். "ரத்து பண்ணிட்டா அப்பா ஒருநாள் கேட்பார். ஏன்னு கேட்டா நீ என்ன பதில் சொல்லுவே? தள்ளி வெச்சிருக்கேன்னு சொல்லு."

தள்ளி வைத்தேன். 2026 ஜூன் 13. அன்று சாயங்காலம் வார்டுக்குள் போய் அப்பாவிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர், "எவ்வளவு பிடிச்சான்?" என்றார். ஐந்நூறு என்றேன். "டாலரா?" என்றார். ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பேப்பர்ல ஏழாவது பாராவுல போட்டிருந்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா படுக்கைக்கு எதிரே இருந்த மளிகைக்கடை காலண்டரில் அந்தத் தேதியை எழுதி வைத்தார்கள். 2025 காலண்டரில் 2026 தேதியை எங்கே எழுதுவது? டிசம்பர் அட்டைக்குக் கீழே, காலியான இடத்தில். முதலில் வாசல் வரை நடந்தார். அப்புறம் தெருமுனை. இப்போது தினமும் காலையில் நாற்பது நிமிஷம். டாக்டரிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்கிறாரோ இல்லையோ, "குளிர்ல போகலாமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். போன மாசம் டாக்டர், "பிப்ரவரியில ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு சொல்றேன்" என்றிருக்கிறார்.

இத்தனைக்கும் பிறகு அந்த மேஜையில் உட்காருவேனா என்று என் மனைவி கேட்டாள். உட்காருவேன் என்றுதான் நினைக்கிறேன். முன்பணம் திருப்பித் தரக்கூடிய வகையா என்று பார்ப்பேன், நடுவில் எந்த நாடு வருகிறது என்று பார்ப்பேன், இறங்கின வாரமே காப்பீடு எடுப்பேன். ஆனால் அப்பா வாயால் நான் கேட்ட வரை, அந்த முன்பணத்தைப் பற்றி அவருக்குக் கோபம். அந்தத் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

மீதிப் பணத்துக்குக் கடைசி நாள் இந்த வருஷம் மார்ச் 15. டெஸ்ட் ரிசல்ட் அதற்குள் வந்துவிடும். அம்மா போன வாரமே கம்பளிக் குல்லாய் இரண்டு பின்னி முடித்துவிட்டார். அப்பா அதோ, மூன்றாவது வரிசையில், பழுப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மதுரை ஜனவரிக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று கேட்டேன், பழக்கப்படுத்திக்கிறேன் என்றார்.

கேள்வி ஏதாவது இருந்தால் என்னிடம் கேளுங்கள். ஏழாவது பாராவைப் பற்றி மட்டும் அவரிடம் கேளுங்கள்.